கோயில் மேட்டில் நின்று படிப்பவர்கள்

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ஒரே இடத்தில்தான். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேடு. கீழே லயத்துப் பக்கம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் பக்கம், ஒரு கோடு வரும், போகும். காற்று பலமாக அடித்தால் அதுவும் இருக்காது. சாயந்தரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கூட்டமாக அந்த மேட்டுக்கு வருவார்கள். இடுப்புப் படங்கைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம், காலையிலிருந்து எங்கோ தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வரும் வழியும் அதுதான். ஒரு நாள் அங்கே நின்ற ஓர் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க. யாரு யாருக்குச் சொல்றாங்கன்னே வெளங்கல."

எங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழு. அன்று காலையிலிருந்து 62 செய்திகள். நடுவில் இப்படி ஒரு வரிசை: "சரி." "ஆமா." "இல்ல, நாளைக்கு." "யாரு சொன்னா?" "அதத்தான் நானும் சொன்னேன்." கைகூப்பும் பொம்மை மூன்று. "ஓகே."

அந்த அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் கிளினிக் இன்றைக்கா, நாளைக்கா? அதற்கான பதில் அந்த 62க்குள் எங்கோ இருந்தது. "இல்ல, நாளைக்கு" என்பதுதான் அந்தப் பதிலா, அல்லது அது தண்ணீர் லைன் வேலையைப் பற்றியதா? குழுவை நடத்துகிற எனக்கே பிடிபடவில்லை. கடைசியில் மருத்துவிச்சியம்மாவுக்கு நேரே போன் போட்டுத்தான் கேட்டோம்.

இந்தக் குழுவை 2018இல் தொடங்கினோம். நானும், என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளும். இப்போது இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேர் தோட்டத்திலேயே இருப்பவர்கள். மீதிப் பேர் கொழும்பில் கடைகளில், கட்டுநாயக்காவில் கார்மெண்டில், டுபாயில், கட்டாரில், சவூதியில் வீட்டு வேலையில். ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இன்று ஒன்றாகக் கூடுவது அந்தக் குழுவில் மட்டும்தான். அதனால்தான் அங்கே ஒருவர் மற்றவருக்கு எப்படிப் பதில் எழுதுகிறார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

2025 நவம்பர் கடைசியை மலையகத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாக மண் சரிந்தது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களோடு ஆட்கள் புதைந்துபோனது எங்கள் எல்லோருக்கும் நெஞ்சில் இருக்கிறது. அதனால் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தாலே தோட்டத்தில் யாருக்கும் தூக்கம் வராது. 27ஆம் திகதி மண்சரிவுக்குப் பயந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினார்கள். அன்று இரவு கரண்ட் இல்லை. சிக்னலும் விட்டு விட்டுத்தான் வந்தது.

மேல் லயத்துத் தம்பி ஒருவனிடம் டுபாயிலிருந்து அவன் அண்ணன் குழுவில் கேட்டிருந்தான்: "மேல கரண்ட் போயிருச்சா?" தம்பி ஏழு மணி வாக்கில் "ஆமா" என்று தட்டி அனுப்பினான். ஆனால் சிக்னல் இல்லாததால் அது அவன் போனிலேயே தங்கிவிட்டது. எட்டரை மணிக்குத்தான் வெளியே போனது. இடையில், கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை குழுவில் கேட்டிருந்தாள்: "அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்களா?" அவளுடைய போனில் அவள் கேள்விக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது அந்த "ஆமா".

அவள் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அவளுடைய அம்மாவோ, நடக்க முடியாத அப்பாயியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வர முடியாமல், விடியும் வரை லயத்து அறையான காம்பராவிலேயே இருந்திருக்கிறார். "அம்மா இன்னும் வரல" என்று யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் அவள் பத்துப் பேருக்குப் போன் போட்டிருப்பாள். நாலு பையன்கள் போய்த் தூக்கி வந்திருப்பார்கள். மண் அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தம்பி மேல் தப்பே இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொன்னான். பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்பதை மட்டும் அது தன்னோடு கொண்டு போகவில்லை.

ஒருவருடைய செய்தியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால், அந்தச் செய்தி சின்னதாக மேலே ஒட்டிக்கொண்டு வரும், அதன் கீழே நாம் பதில் எழுதலாம். வட்ஸ்அப்பில் இப்படிச் செய்தியோடு சேர்த்துப் பதில் போடும் வசதி 2016இலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சத்தம் தாங்காமல் குழுவை மியூட் செய்து வைத்திருப்பவருக்கும், அவருடைய செய்தியைப் பிடித்துப் பதில் போட்டால் மணி அடிக்கும். நான் என் வகுப்புப் பிள்ளைகளிடம் "புடிச்சு இழுத்துப் பதில் போடு, வீட்டுல அம்மாவுக்கும் பழக்கு" என்று சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் அம்மாவின் பெருவிரலைப் பிடித்துத் திரையில் இழுத்துக் காட்டுவதைக் கோயில் மேட்டில் பார்த்திருக்கிறேன்.

அதோடு, பதிலை முழுசாக எழுத வேண்டும். "ஆமா" என்று விடாமல், "ஆமா அண்ணே, மேல் லயத்துல ஏழு மணிக்கே கரண்ட் போயிருச்சு" என்று எழுதினால் கூடுதலாகப் பத்து நொடி ஆகும். அதை எங்கே, எப்போது, எந்தச் செய்திக்குக் கீழே பார்த்தாலும் ஒரே அர்த்தம்தான். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டினாலும் விளங்கும்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. 1995 ஒக்டோபரில், வட்ஸ்அப் வருவதற்குப் பதினான்கு வருஷத்துக்கு முன்பே, இணையத்தில் பழகுவதற்கான முறைகளைத் தொகுத்து ஓர் ஆவணம் வெளியானது. ஆர்எஃப்சி 1855 என்பது அதன் எண். இன்டெல் நிறுவனத்தில் இருந்த சாலி ஹம்பிரிட்ஜ் என்ற பெண்மணி எழுதியது. ஒரு செய்திக்குப் பதில் எழுதும்போது, முதலில் சொல்லப்பட்டது என்ன என்று வாசிப்பவருக்குப் புரியும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து மேலே போடுங்கள், முழுவதையும் திருப்பி ஒட்டாதீர்கள் என்று அது சொல்கிறது. காரணமும் சொல்கிறது: செய்திகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவும்போது, மூலச் செய்திக்கு முன்னாலேயே பதில் வந்து சேரலாம். எங்கள் கோயில் மேட்டைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது. இணைப்பு மெதுவாக இருந்த காலத்து ஆட்களுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. கொழும்பில் வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மறந்துபோகலாம். எங்களுக்கு இன்றைக்கும் அதே காலம்தான்.

இனிச் சொல்லப்போவது நான் செய்த தவறு.

நான் பிறந்து வளர்ந்த லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. மேலே ஓர் இடைவெளி இருக்கும். பக்கத்துக் காம்பராவில் கிழவர் இருமினால் எங்கள் வீட்டில் தம்பி விழித்துக்கொள்வான். அப்படி வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்திருந்தது. ஒருவரைக் கண்டிக்க வேண்டும் என்றால் வீட்டுக்குள் வைத்துக் கண்டிக்க மாட்டார்கள். "வா, தண்ணிக்குப் போயிட்டு வருவோம்" என்று பீலிக்குக் கூட்டிப் போவார் அம்மா. தண்ணீர் விழும் சத்தத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்வார். லயத்தில் வேறு யாருக்கும் கேட்காது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கிய அவமானத்தைப் பரம்பரையாக அறிந்தவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செய்யக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நானே, 2023இல் ஒரு நாள், குழுவில் ஒருவருக்கு அதைச் செய்தேன்.

மேல் லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்பு கங்காணியாக இருந்தவர். எனக்குப் பெரியப்பா முறை. மூன்றாம் வகுப்போடு மலைக்கு வேலைக்குப் போனவர். பேரன் வாங்கிக் கொடுத்த போனில் ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி எழுதுவார். அன்று "மேல மலை பலமா பெய்யிது" என்று எழுதினார். நான் உடனே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், "மழை, பெரியப்பா. ழ போடணும்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். மனசில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நாள் முழுக்கக் கொப்பி திருத்துகிற கை, பழக்கத்தில் திருத்திவிட்டது. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். மலை எப்படிப் பெய்யும் என்று ஒருவன் கேட்டான்.

அதற்குப் பிறகு பெரியப்பா குழுவில் எழுதவே இல்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. இருநூறு பேரில் ஒருவர் பேசாமல் போனால் திரையில் ஒன்றும் தெரியாது.

டித்வா வந்த அன்று பின்னேரம் நான்கு மணிக்கே, மேல் லயத்துப் பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வருவதை அவர் பார்த்திருக்கிறார். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, நிலத்தில் வெடிப்பு விடுவது, நேராக நின்ற மரம் சாய்வது எல்லாம் மண் சரியப்போவதற்கான அறிகுறிகள். அதிகாரிகள் சொல்லித் தருவதற்கு முன்பே பழைய ஆட்களுக்கு இது தெரியும். அவர் கத்திக் கூப்பிட்டு, மேல் லயத்தில் ஏறக்குறைய எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டார். கீழ் லயத்துக்காரர்களுக்கு அந்தச் சேதி வரவில்லை. அவர்கள் இரவு பத்து மணி வரை வீட்டிலேயே இருந்தார்கள்.

டிசம்பரில் அவரைப் பார்க்கப் போனேன். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். ஏன் பெரியப்பா, குழுவில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"எழுதத்தான் எடுத்தேன் தாயி. அவசரத்துல எழுத்து எங்க சரியா வரப்போவுது? அத்தன பேருக்கு முன்னால எதுக்குன்னு வச்சிட்டேன். வாயால சொன்னா பிழ இல்லல்ல."

அவர் குரலில் கோபமே இல்லை. என்னை நோகடிக்கவும் அவர் அதைச் சொல்லவில்லை. நான் அங்கேயே அவர் காலடியில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது பெரியப்பா" என்றேன். "அட, அதெல்லாமா ஞாபகம் வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். ஆனால் ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு வருஷமாக வைத்திருந்தார்.

குழுவில் ஒருவர் எழுதிய செய்தியை அழுத்திப் பிடித்தால், அவருக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பும் வழியும் அங்கேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், அதுதான் நம்முடைய பீலிக்கரை. பிழை திருத்த, தகவல் தவறு என்று சொல்ல, "அண்ணே, அந்தப் படத்த எடுத்துருங்க, பொம்பளப் புள்ளங்க இருக்காங்க" என்று கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த வழிதான். விதிவிலக்கு ஒன்று உண்டு. தகவல் தவறாக இருந்து, அதை நம்பி மற்றவர்கள் ஏதாவது செய்துவிடுவார்கள் என்றால், குழுவிலேயே சொல்லத்தான் வேண்டும். அப்போதும் ஆளைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லலாம். "கிளினிக் நாளைக்குத்தான், இப்பதான் கேட்டேன்" என்றால் போதும். யார் தப்பாகச் சொன்னார் என்பது யாருக்கும் தேவையில்லை.

எழுத்துப் பிழையை நான் இப்போது யாருக்கும் எங்கேயும் திருத்துவதில்லை. அது வகுப்பறையோடு சரி.

எழுதவே முடியாதவர்களும் குழுவில் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற பல அம்மாமார் குரலில்தான் பேசி அனுப்புவார்கள். அதைப் படித்த பிள்ளைகள் சிலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். பஸ்ஸில் கேட்க முடியவில்லை, நாலு நிமிஷம் பேசுகிறார்கள் என்று குறை சொல்கிறார்கள். குரலில் கேட்டவருக்கு எழுத்தில் பதில் போட்டால், அவர் அதை யாரிடமாவது கொண்டுபோய் வாசிக்கச் சொல்ல வேண்டும். சொந்த விஷயமாக இருந்தால் அதையும் செய்ய முடியாது. குரலுக்குக் குரலிலேயே பதில் சொல்லுங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு எதற்குப் பதில் என்று சொல்லுங்கள்: "அக்கா, நான் டீச்சர் பேசுறேன், நீங்க கிளினிக் பத்திக் கேட்டீங்கல்ல." அப்புறம் விஷயம். இருபது நொடிக்குள் முடித்துவிடலாம். பிறகு, படிப்பவர்களுக்காக ஒரு வரி எழுத்திலும் போட்டுவிடுவேன். இரண்டு வேலைதான், பரவாயில்லை.

சாவுச் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓர் ஆள் லயம் லயமாகப் போய்ச் சாவு சொல்வார். யார், எப்போது, அடக்கம் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். இப்போது குழுவில் செய்தி வருகிறது. உடனே கைகூப்பும் பொம்மைகளும், ஆழ்ந்த இரங்கலும் நூறு வரும். துக்கத்தைச் சொல்ல வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் போன வருஷம் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு. அடக்கம் நாளைக்கு மூன்று மணிக்கு இல்லை, இன்றைக்கே ஐந்து மணிக்கு என்று இடையில் ஒருவர் போட்ட செய்தி, இரங்கல்களுக்கு அடியில் போய்விட்டது. கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறிய மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் குழிமேட்டில் நின்று அழுததை நான் பார்த்தேன்.

அதிலிருந்து நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். சாவுச் செய்தியின் மேலேயே அழுத்திக் கைகூப்பும் குறியை வைத்துவிட வேண்டும். புதிதாக எழுத வேண்டாம். நேரமும் இடமும் உள்ள செய்தியை நான் குழுவின் உச்சியில் குத்தி வைப்பேன். நேரம் மாறினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்துவேன். இரங்கல் சொல்ல விரும்புகிறவர்கள் அந்த வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். அது இன்னும் நல்லது.

சண்டைகளும் வரும். 2024 மே தினத்தை ஒட்டி நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்த நாட்களில் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. எந்தத் தொழிற்சங்கத்தால் கிடைத்தது, உண்மையில் கிடைக்குமா என்று அண்ணன் தம்பிகளே அடித்துக்கொண்டார்கள். கோபத்தில் எழுத வந்தால் ஓர் இரவு பொறுங்கள் என்பது, நான் முன்பு சொன்ன அந்த 1995 ஆவணத்திலும் இருக்கிறது. அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லோரிடமிருந்தும் அழிக்கலாம். ஆனால் அழித்த இடத்தில் "நீக்கப்பட்டது" என்று ஒரு வடு இருக்கும். அதற்குள் யாராவது படம் பிடித்து வைத்திருப்பார்கள்.

மழைக்காலத்தில் வேறொரு பிரச்சினை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்றும் அதில் இருக்கும். ஆனால் குழுவுக்கு வரும்போது அந்தப் படத்தின் தலையும் வாலும் வெட்டுப்பட்டு, திகதியே இல்லாமல் வரும். போன வருஷத்துப் படம் இந்த வருஷம் வரும். அதைப் போட்டவரை ஏசாமல், அந்தச் செய்தியைப் பிடித்து மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: எந்த இடம், எந்தத் திகதி, யார் அனுப்பியது? பதில் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாவிட்டால் 117க்குப் போன் போட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்டுவிட்டு ஒருவர் எழுதட்டும். தெரியாமல் "உண்மைதான்" என்று எழுதுவது, திகதி இல்லாத படத்தை அனுப்புவதைவிட மோசமானது.

பெரியப்பா இன்னும் குழுவில் எழுதுவதில்லை. அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் ஜனவரியிலிருந்து, மழை பெய்கிற நாட்களில் பின்னேரம் அவருடைய குரல் வருகிறது. முதலில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம். பிறகு அவர் தன் முழுப் பெயரையும் லயத்து நம்பரையும் சொல்வார், பிரட்டில் பேர் கொடுப்பது போல.

"பீலித் தண்ணி தெளிவாத்தான் வருது. மேல வெடிப்பு ஒண்ணும் இல்ல. நான் இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

நான் அதைப் பிடித்து இழுத்து, குரலிலேயே பதில் போடுவேன்: "டீச்சர் பேசுறேன் பெரியப்பா, பீலித் தண்ணி பத்தி நீங்க சொன்னதக் கேட்டோம். கீழ் லயத்துலயும் சொல்லிட்டேன்." போன செவ்வாய்க்கிழமை அவர் அனுப்பியதன் மேல் 47 பேர் கை உயர்த்திய குறி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் அந்தப் பிள்ளையுடையது.